சத்தமில்லாமைக்கு முழு மதிப்பெண்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால், அதை ஏன் வாங்கக் கூடாது என்று பதினோரு பேர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை. அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் அடியேன். என் காலத்தில் ஒரு தவறான பொருள்கூட வாங்கப்பட்டதில்லை. சரியான பொருளும் வாங்கப்பட்டதில்லை என்று வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்படிப்பட்டவன் வீட்டுக்கு, இடுப்பெலும்பு முறிந்த மாமனார் வந்து சேர்ந்தார். ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதற்கப்புறம் அவர் தன் வீட்டுக்குப் போய்விடலாம்.

மாமனார் ஒரு ஆலையில் கடைசல் இயந்திரம் ஓட்டியவர். வருஷா வருஷம் ஆலை ஆண்டுவிழா நாடகத்தில் அவர்தான் காமெடியன். அந்த நாடகங்களை யாரோ புண்ணியவான் கேமராவில் பிடித்துவைக்க, இப்போது எல்லாம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் கிடக்கின்றன. படம் முழுக்க என் மாமியாரும் உண்டு. முன்வரிசையில் உட்கார்ந்து, மாமனார் வசனத்தை முடிப்பதற்கு முன்பே சிரித்துவிடுவார். வீட்டில் ஒத்திகை பார்த்தவர் ஆயிற்றே! அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

"மாப்பிள்ளே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவ சிரிக்கிறதை ஒரு தடவை கேக்கணும் போல இருக்கு. இந்த டிஸ்க்கை டிவியில போட முடியுமா?"

உடனே ஒரு கோப்பைத் திறந்தேன்.

டிஸ்க்கை டிவியில் நேராகச் சொருகினால் 'அறியப்படாத பொருள்' என்று திரையில் எழுத்து வந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பள்ளிக்கூட டீச்சரான என் மனைவிதான் வழி சொன்னாள்.

"என்னங்க, மினி பிசின்னு கையகலத்துக்கு ஒரு டப்பா விக்குது. டிவிக்குப் பின்னாடி மாட்டினா படம் ஓடும். எங்க ஸ்கூல்ல அப்படித்தான் போடறோம். தெருமுனைக் கடையிலயே மலிவா கிடைக்குது. சாயங்காலம் வரும்போது வாங்கிட்டு வந்துடுங்களேன்."

"கடைக்குப் போய் வாங்கறதா? அதுக்குப் பேரு கொள்முதல் இல்ல, அவசரக்கோலம்" என்றேன்.

அன்றே மூவர் குழு அமைக்கப்பட்டது. நான் தலைவர். மனைவி உறுப்பினர், அவள் சம்மதம் பின்னர் பெறப்படும். அவள் தம்பி, அதாவது என் மச்சினன், தொழில்நுட்ப உறுப்பினர். அவனுக்கு உள்ள தகுதி சாதாரணமானதல்ல. புதிய மாடல் வரப்போகிறது என்று தன் லேப்டாப்பை விற்றுவிட்டு, மூன்று வருஷமாக அதைவிடப் புதிய மாடலுக்குக் காத்திருப்பவன். தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் போனில் ரிவ்யூ பார்ப்பான்.

முதல் கூட்டம் கட்டில் ஓரமாகவே நடந்தது.

"அத்தான், ஃபோர்-கே ஓடணும். அது இல்லாம வாங்கினா நாலு பேர் சிரிப்பாங்க."

மாமனார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "டேய், அது பழைய கேமராடா. அதுல என் மூஞ்சி எனக்கே அடையாளம் தெரியாது."

"மங்கலான படமா இருந்தாலும் துல்லியமா மங்கலா தெரியணும்ப்பா."

இந்த வாதத்தில் இருந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போய் பதிவு செய்துகொண்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்பிள்ளே. சத்தம் வருமா? ஏன் கேக்கறேன்னா, அந்த டிவியில..."

"மாமா, டிவி ஏற்கெனவே இருக்கிற பொருள். அது இந்தக் கோப்புல வராது" என்று பணிவோடு தடுத்தேன்.

'பயனாளியின் வாய்மொழிக் கோரிக்கை, குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதினேன். குறித்துக்கொள்ளப்பட்டது என்றால் என்ன அர்த்தம் என்று அலுவலகம் பக்கம் போய்வந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வாரம் ஒப்பீட்டுப் பட்டியல் பிறந்தது. பதினேழு மாடல்கள், முப்பத்தொரு தலைப்புகள். மலிவாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அதில் நாங்கள் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மச்சினனிடம் ஒரு மந்திரம் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போட்டா, ராம் டபுளாகும் அத்தான்."

போட்டோம். இன்னும் கொஞ்சம் போட்டால் பிராசஸர் புதுசு. இன்னும் கொஞ்சம் போட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே போனதில், நாலாவது வாரம் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த மாடலைக் கொண்டு ஒரு சின்ன விமான நிலையத்தை நடத்தலாம். திடுக்கிட்டு, மறுபடியும் அடியிலிருந்து ஆரம்பித்தோம்.

"ஆறு நாடகம் ஓட்டறதுக்கு ஒரு மாசமா?" என்றாள் மனைவி. "எங்க அப்பா பாவங்க. சுவத்தையே பாத்துக்கிட்டு படுத்திருக்கார்."

"அவசரப்பட்டு வாங்கி, நாளைக்கு ஒரு குறைன்னு வந்தா யார் பதில் சொல்றது?"

"யார் கேக்கப்போறா?"

இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் ஆடித்தான் போனேன். பிறகு, உறுப்பினரின் மாற்றுக் கருத்து என்று இணைப்பில் சேர்த்துவிட்டேன்.

கடைசியில் போட்டி இரண்டு மாடல்களுக்குள் வந்து நின்றது. ஒன்றுக்குள் சூட்டைத் தணிக்கக் காற்றாடி உண்டு, மற்றதில் இல்லை. காற்றாடி ஓடினால் லேசாக இரைச்சல் வருமாம். நாடகம் பார்க்கும்போது அது உறுத்துமாம். நூறு ரிவ்யூக்காரர்கள் சத்தியம் செய்தார்கள். ஆகவே சத்தமில்லாமை என்ற தலைப்பில் காற்றாடி இல்லாததற்கு முழு மதிப்பெண் வழங்கி, அதையே ஏகமனதாகத் தேர்வு செய்தோம். கட்டிலிலிருந்து மட்டும் குரல் வந்தது: "சத்தம் வருமா மாப்பிள்ளே?"

"துளிக்கூட வராது மாமா. அதுதான் இதுல விசேஷம்!"

மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை பெட்டி வந்தது. மறுநாள் மாமனார் கிளம்ப வேண்டும். கோலூன்றி எழுந்து வந்து, சலவைச் சட்டை போட்டு, டிவிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். தலையைக்கூட வாரியிருந்தார். ஆளுக்கொரு போன் வந்தபிறகு டிவியை யாரும் போடுவதில்லை. துடைத்துப் போட்டோம்.

படம் வந்தது. ஆலைக் கூடம். மேடையில் மாமனார், இரண்டு ஆள் நுழையக்கூடிய கால்சட்டையில். வாயைத் திறந்தார், கையை ஆட்டினார். முன்வரிசையில் மாமியார் சட்டென்று தலையைப் பின்னால் சாய்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

மச்சினன் கேபிளைப் பிடுங்கி மாட்டினான், போனைப் பார்த்தான், டிவியைத் தட்டினான். "பெட்டியில குறையில்ல அத்தான். டிவியோட ஸ்பீக்கர் போயிருக்கு."

"அது போன வருஷம் நான் வந்திருந்தப்பவே போயிடுச்சு" என்றார் மாமனார். கண் திரையை விட்டு நகரவில்லை. "முதல் நாள்ல இருந்து அதைத்தானே கேட்டேன்."

"ஹெட்போனாவது மாட்டிக் குடேன்டா!" என்று அழாக்குறையாகச் சொன்னாள் மனைவி.

"இதுல அந்த ஓட்டை கிடையாதுக்கா. அது பழைய ஃபேஷன். ஓட்டை இருந்த மாடலுக்கெல்லாம் நாமதான் மார்க்கைக் குறைச்சோம்."

திரையில் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போய்ப் புதுக் கோப்பை எடுத்துவந்தேன். இந்தத் தடவை முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'அத்தை சிரிப்பது கேட்க வேண்டும்.'

மச்சினன் எட்டிப் பார்த்தான். "எத்தனை வாட்ல?"

கடைக்கு ஓடுங்கள் என்று கத்தப்போகிறாள் என மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் ஸ்பீக்கர் ரிவ்யூ தேடிக்கொண்டிருந்தாள். "இதுக்கு நாலு ஸ்டார்தாங்க குடுத்திருக்காங்க" என்றாள். "எங்க அம்மா விஷயத்துல அவசரப்படக் கூடாது."

மாமனார் திரையைப் பார்த்தபடியே மச்சினன் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"டேய், நான் ஊருக்கு அப்புறம் போய்க்கறேன்" என்றார். "இன்னும் கொஞ்சம் போட்டா, அவ சிரிப்பு இன்னும் நல்லா கேக்குமாடா?"