தொட்டிக்குள் ஒரு கல் போட்டேன்

கல்லுக்குள் கல்லைத் தவிர வேறொன்றும் இருக்காது என்று தலை நரைக்கும்வரை நம்பியிருந்த ஆள் நான். திருகோணமலையில், உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில், திரும்பின பக்கமெல்லாம் கடலை வைத்துக்கொண்டு இப்படி நம்புவதற்குத் தனித் திறமை வேண்டும்.

எங்கள் வீட்டு ஹோலில் ஒரு கடல்நீர் மீன் தொட்டி இருக்கிறது. மகள் மதுராவின் ஆசை. அதற்குள் கொஞ்சம் பவளம், செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன்கள். மாப்பிள்ளை, பொம்பிளை என்று பெயர் வைத்தவளும் அவள்தான். கம்பஸுக்குப் படிக்கப் போகும்போது, "அப்பா, ரெண்டு பேரையும் உங்களை நம்பித்தான் விட்டிட்டுப் போறன்" என்றாள். (என்னை நம்பி அதுவரை யாரும் ஒரு கோழியைக் கூட விட்டதில்லை.)

தொட்டியை ஒட்டியது நான். ஹாட்வெயார் கடைக்காரன் அல்லவா? "இது ஒரு நாளைக்கு வெடிச்சு என்ர ஹோல் குளமாகப் போகுது" என்று மனைவி சாந்தி அப்போதே சொன்னாள்.

"சிலிக்கன் பசை விக்கிறவனுக்கே ஒட்டக் கத்துத் தாறீரோ?" என்றேன். அந்த வாய்தான் பிறகு என்னைக் கொன்றது.

மதுரா லீவில் வரும் நாள். அவளுக்குத் தெரியாமல் மீன்களுக்கு ஒரு குகை கட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. சாந்தியின் தம்பி தேவன், சாம்பல்தீவுக்கு அங்கால் சல்லிக் கரையில் மீன்பிடித் தொழில் செய்கிறவன், வலையில் சிக்கி வந்த ஒரு கல்லை விடியவே கொண்டுவந்து தந்துவிட்டுப் போனான். பொத்தலும் பொந்துமாக, பார்த்தால் குட்டிக் கோட்டை.

புதுக்கல் எது வந்தாலும் முதலில் வாளியில் கடல்தண்ணீர் விட்டு, சில கிழமை தனியே வைத்துப் பார்த்துத்தான் தொட்டிக்குள் போடவேண்டும் என்பது மதுராவின் சட்டம். எனக்குச் சிரிப்பு வந்தது. கடலில் பிறந்து வளர்ந்த கல்லைக் கடல்தண்ணீருக்குப் பழக்குவதாம்! (கல் என்ன, கனடாவில் இருந்து வந்த சம்பந்தியோ, களைப்பாறி எழும்ப?) நேரே உள்ளே வைத்தேன். மாப்பிள்ளையும் பொம்பிளையும் வந்து எட்டிப் பார்த்தார்கள். பெருமையோடு தேத்தண்ணியைக் கையில் எடுத்தேன்.

"டக்!"

துறைமுகத்தில் ஏதோ இறக்குகிறார்கள் என்று நினைத்தேன். மறுபடி, "டக்!" தொட்டிப் பக்கமிருந்து. கண்ணாடி விரிசல் விடும்போது வரும் அதே சத்தம். கடையில் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்! கல்லின் பாரம் தாங்காமல் என் சிலிக்கன், என் மானம், எல்லாம் ஒன்றாக விட்டுக்கொடுக்கிறது.

"சாந்தி! தொட்டி வெடிக்குது!"

முதல் வேலையாகக் குசினிக்குள் ஓடி ஒரு பானையைத் தூக்கி வந்து, தொட்டித் தண்ணீரை அள்ளி, மீன்கள் இரண்டையும் அதற்குள் விட்டேன்.

"ஐயோ, அது என்ர சோத்துப் பானை!"

"உயிர் முக்கியம்!"

"ஆரின்ர உயிர்?"

பவளத்தைச் சட்டியிலும் கல்லை வாளியிலும் தண்ணீரோடு போட்டு, குழாயால் தொட்டியை முற்றத்துக்கு வடியவிட்டேன். தேவனைப் போனில் கூப்பிட்டேன். அவன் மோட்டார்சைக்கிளில் பறந்து வந்தான். டீவி, கதிரைகள், சாந்தியின் கண்ணாடி அலுமாரி எல்லாவற்றையும் வெளியே தள்ளினோம். அவ்வளவு நேரமும் நான் கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன் போல.

"அத்தான்," என்றான் தேவன், மூச்சு வாங்க, "கடலில வள்ளம் தாழேக்கயும் நாங்கள் இப்பிடிக் கத்துறேல்லை."

அந்த நேரம் பார்த்துத் திறீவீலர் ஓட்டோவில் வந்து இறங்கினாள் மதுரா. முற்றத்தில் எங்கள் ஹோல் வெயில் காய்வதைப் பார்த்தாள்.

"என்னப்பா, வீடு மாறுறியளோ?"

"தொட்டி வெடிக்குது, பிள்ளை. அப்பா ஒட்டினது பிழைச்சுப் போச்சு..." அவள் பையைப் போட்டுவிட்டுப் பானையடியில் குந்தினாள். பொம்பிளை அடியில் சரிந்து கிடந்தது. மதுரா விரலால் தண்ணீரை மெல்ல அளைந்தாள். அது ஒரு செட்டை அடித்தது, பிறகு இன்னொன்று, எழும்பி மாப்பிள்ளையிடம் போனது.

"டக்!"

தொட்டியில் இப்போது தண்ணீரே இல்லை. நாலு பேரும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தோம். பச்சைப் பிளாஸ்டிக் வாளி.

சாந்தி நிதானமாகக் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, வாளியும் வெடிக்குதோ?"

மதுரா கல்லைத் தூக்கி உதறினாள். பொந்துக்குள்ளிருந்து ஓர் இறால் விழுந்தது. ஒரு கை மட்டும் தன் அளவுக்கு மிஞ்சிப் பருத்திருந்தது. அந்தக் கையைச் சொடுக்கினால் வெடி போலக் கேட்குமாம், சின்ன மீன் என்றால் அந்த அடியில் மயங்கியும் போகுமாம். இதற்குத்தான் வாளி என்றாள். நான் ஏச்சுக்குத் தலையைக் குனிந்து நின்றேன். அவளோ, "பயத்திலயும் முதல்ல இவையளைத்தானே தூக்கியிருக்கிறியள்" என்று என் நனைந்த சட்டையைத் தட்டிவிட்டாள்.

கல்லும் இறாலும் தேவனோடு கடலுக்குத் திரும்பிப் போயின. எங்கள் வீட்டில் இன்றைக்கும் குக்கர் விசிலடித்தாலும், நான் எழும்பும்போது முழங்கால் நெரிந்தாலும், யாராவது ஒருவர் "வாளி வெடிக்குது!" என்பார்.

நடந்தது இவ்வளவுதான். பெருவிரல் நீளமில்லாத ஓர் இறால் புது இடத்தில் கை சொடுக்கியது. தொட்டியில் ஒரு கீறலும் இல்லை. அன்று வெடித்தது, வாசற்படியில் நான் இடித்த சாந்தியின் அலுமாரிக் கண்ணாடி மட்டும்தான்.