செல்லையா அன்பாகச் சொன்ன உண்மை

"எம்மகளுக்குக் கோவம் வந்தா சோத்துப் பானையத் தூக்கி வாசல்ல எறிவான்னு சொன்னீங்களா, இல்லியாண்ணே?"

"சொன்னேன் அன்னம்மா. ஆனா அன்பாத்தான் சொன்னேன்."

லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

செல்லையா மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் லோரி ஓட்டுபவர். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர், கிறிஸ்தவன் உண்மை பேச வேண்டும், அதையும் கிருபையோடு பேச வேண்டும் என்று பிரசங்கம் பண்ணினார். முதல் பாதி செல்லையாவுக்கு அப்படியே பிடித்துப்போனது. இரண்டாம் பாதிக்கு, பேச்சைத் தொடங்கும்போது 'தப்பா நெனக்காதீங்க' என்று சேர்த்துக்கொண்டால் போதும் என்று முடிவு செய்தார்.

மறுநாளே வாய்ப்புக் கிடைத்தது. சுங்கை ஆயர் தாவாரிலிருந்து சின்னையா என்ற சபைப் பெரியவர் பஸ் ஏறி செல்லையா வீட்டுக்கு வந்தார். மகனுக்குப் பெண் தேடுகிறவர். செல்லையாவின் மகள் எஸ்தர் கொண்டுவந்து வைத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, பக்கத்து வீட்டு அன்னம்மாவின் மகள் ரமணி எப்படிப்பட்ட பெண் என்று கேட்டார். பெண் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது தோட்டத்து வழக்கம்தான். ரமணியைத்தான் பெண் கேட்க வந்திருக்கிறார் என்று செல்லையாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

"தப்பா நெனக்காதீங்க. தங்கமான பொண்ணு. கோவம் வந்தா மட்டும் பானை பறக்கும். ஆனா அவளே போய் எடுத்துட்டு வந்துருவா."

சின்னையா மீதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

மனைவி கலாவதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு பொண்ணோட வாழ்க்கைலா இது. ஓடிப்போய்ச் சரி பண்ணுங்க."

செல்லையா சைக்கிளை மிதித்துப் போய் பஸ் நிற்குமிடத்தில் அவரைப் பிடித்தார். சரியும் பண்ணினார். அந்தப் பிள்ளைமேல் தப்பே இல்லை, அந்தக் கோபம் தாயிடமிருந்து வந்தது, அன்னம்மாவோடு ஒப்பிட்டால் ரமணி பொறுமைசாலி என்று மூச்சு வாங்க விளக்கினார். சின்னையா "அப்படியா" என்று மட்டும் சொல்லி பஸ் ஏறினார்.

வீடு திரும்பும் வழியில் மனசாட்சி குத்தியது. மறைப்பதும் பொய்தானே? நேராக அன்னம்மா வீட்டுக்குப் போய், யாரோ வந்துபோனதே தெரியாமல் மீன் கழுவிக்கொண்டிருந்தவளிடம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார். தாயைப் பற்றிச் சொன்னதையும்தான். அதன்பிறகுதான் லயத்துக்கே அடுப்பு அணைந்தது.

அவளைச் சமாதானப்படுத்தவும் அவரிடம் ஓர் உண்மை இருந்தது.

"பாத்தீங்களா, ஒங்க கோவத்தப் பத்தி நான் பொய் சொல்லல."

அன்னம்மா மீன் சட்டியை எடுத்தாள். செல்லையா வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அன்னம்மா இவர்கள் இருந்த பெஞ்சில் உட்காரவில்லை. ரமணி அழுது முகம் வீங்கியிருந்தாள். கலாவதி புருஷனிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். இருபத்தாறு வயதாகியும் வரன் அமையாத எஸ்தருக்காக வழக்கமாக ஜெபிக்கும் செல்லையா, அன்றைக்கு ரமணியின் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று உருகி உருகி ஜெபித்தார். அது மட்டும் நிஜமான ஜெபம்.

மறுநாள் அன்னம்மாவின் புருஷன் நாகமணி, சின்னையா காலில் விழுந்தாவது பேசிவிட்டு வருகிறேன் என்று சுங்கை ஆயர் தாவாருக்குப் போனார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். சாயங்காலம் திரும்பியதும் தன் வீட்டுக்குப் போகாமல் செல்லையா வாசலில் வந்து நின்றார்.

"போன காரியம் என்னாச்சு நாகமணி? ரமணிய வேணாம்னுட்டாங்களா?"

நாகமணி வாசற்படியில் உட்கார்ந்தார்.

"ரமணிய அவங்க கேக்கவே இல்லியாம்ணே. ஒங்க எஸ்தரக் கேக்கத்தான் வந்தாங்களாம். இந்த வீட்டுல அடுத்த வீட்டுப் பொண்ணப் பத்தி எப்படிப் பேசுறாங்கன்னு பாத்துட்டு அப்புறம் விஷயத்த எடுக்கலாம்னு இருந்தாங்களாம்."

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, சின்னையா உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? தயவுசெய்து பதில் எழுதுங்கள்.