அறுபத்து நான்காவது ஃபைல்

படிவத்தில் பத்துக் கையெழுத்து விழுந்துவிட்டது. பதினோராவதாகக் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் யார் என்று பார்த்தபோதுதான் ஆட்சேபணையாருக்கு வியர்த்தது.

'கணக்குத் தீர்ப்புப் பிரிவு எழுத்தர்' என்று அச்சடித்திருந்தது. அது வேறு யாருமில்லை, அவரேதான். நேற்று சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும்.

ஆட்சேபணையார் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. அந்த மின்விசிறித் தொழிற்சாலையில் வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கடைசிச் சம்பளம், விடுப்புப் பணம், பணிக்கொடை எல்லாம் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற நாற்காலியில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவர். கொடுக்கிற என்று சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். வருகிற ஃபைலில் எல்லாம் சிவப்பு மையில் 'ஆட்சேபணை' என்று எழுதி மூலையில் போடுவார். கேட்டு வருகிறவர்களிடம் தலையை நிமிர்த்தாமல், "நாளைக்கு வாங்க" என்பார். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் 'ஆர்' ஒட்டிக்கொண்டது மரியாதையால் அல்ல, பயத்தால்.

அந்த 'பாக்கி இல்லை' படிவத்தில் முன்பு மூன்றே கையெழுத்துத்தான். பதினொன்றாக்கிய பெருமை இவருடையது. தோட்டக்காரர்கூடக் கையெழுத்துப் போட வேண்டும், செடி எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்று. போன வாரம் அந்தத் தோட்டக்காரர் இவரை வெயிலில் நிற்க வைத்துவிட்டு, நூற்று நாற்பது தொட்டியையும் நிதானமாக எண்ணினார். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது என்று திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கடிதம் வந்திருந்தது. வேறொரு கம்பெனி, இரண்டு மடங்கு சம்பளம். 'கணக்குத் தீர்ப்பதில் தங்கள் கண்டிப்பைப் பற்றிப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்' என்று எழுதியிருந்தார்கள். ஓரம் ஒரு நூல் பிசகவில்லை, ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஆட்சேபணையார் நான்கு தடவை படித்தும் அதில் ஓர் ஆட்சேபணை சொல்ல முடியவில்லை. அதிலேயே ஆள் மயங்கிவிட்டார். போட்டிருந்த நம்பருக்கு ஃபோன் செய்தார். "உங்களுக்காகத்தான் சார் காத்துக்கிட்டிருக்கோம்" என்றது ஒரு தேன் குரல்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒன்றாம் தேதி காலையில் பழைய கம்பெனியின் விடுவிப்புக் கடிதத்தோடு வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். இன்று இருபத்தேழு.

மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், இந்தக் கடைசிக் கையெழுத்தை நீங்க போட்டுட்டா முடிஞ்சுது."

"போட்டா போச்சு" என்று பேனாவை எடுத்த மேனேஜர், சட்டென்று அதைக் கீழே வைத்தார். "ஏங்க, 'எழுத்தர் தவிர வேறு எவரும், மேனேஜர் உட்பட, கையெழுத்திடக் கூடாது'ன்னு சர்க்குலர் இருக்கே?"

"யார் சார் அப்படி எழுதினது?"

மேனேஜர் அவரையே பார்த்தார். ஆட்சேபணையார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப என் இடத்துக்கு வேற ஆள் போடுங்க."

"மூணு மாசம் ஆகும். அதுக்கும் நீங்க ஒரு சர்க்குலர் போட்டிருக்கீங்க." மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "பேசாம ராஜினாமாவை வாபஸ் வாங்கிடுங்களேன். கடைசிக் கையெழுத்து விழுற வரைக்கும் வாங்கிக்கலாம்."

"எனக்கென்ன தலையெழுத்தா? அங்க டபுள் சம்பளம் சார்."

அந்த நேரத்தில் டீக்காரம்மா மேனேஜருக்கு டீ வைக்க வந்தார். பதினெட்டு வருடமாகத் தினம் இரண்டு வேளை ஆட்சேபணையாருக்கும் டீ வைத்தவர். அவருக்குக் குடும்பம் உண்டா, குழந்தை குட்டி உண்டா என்று இவர் ஒருநாளும் கேட்டது கிடையாது.

"ஏன் சார், நாற்காலி சும்மாத்தானே கிடக்கு. இவரே ஒரு ரெண்டு நாள் உக்காந்து பாத்துட்டா என்ன?" என்றார் டீக்காரம்மா, தம்ளரை வைத்தபடியே.

மேனேஜருக்கு அது பெரிய யோசனையாகப் பட்டது. ஆனால் சம்பளத்துக்கு வைத்தால் அதற்கும் தனியாகக் கணக்குத் தீர்க்க வேண்டும், அதற்கும் பதினோரு கையெழுத்து வாங்க வேண்டும். யோசித்து, சம்பளம் இல்லாத கௌரவப் பணி என்று ஓர் உத்தரவு அடித்துக் கொடுத்தார். நேற்று வரை சம்பளம் வாங்கிச் செய்த வேலையை இன்று இலவசமாகச் செய்ய ஆட்சேபணையார் ஓட்டமும் நடையுமாகத் தன் நாற்காலிக்குப் போனார்.

தன் கணக்கைப் பத்தே நிமிடத்தில் போட்டுவிட்டார். பதினெட்டு வருடத்தில் அவ்வளவு வேகமாக அந்த மேஜையில் எதுவும் நடந்ததில்லை. கையெழுத்துப் போடும் முன் கேஷியரின் பேரேட்டில் வரிசை எண் வாங்க வேண்டும். வாங்கப் போனார்.

கேஷியர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "உங்க ஃபைல் அறுபத்து நாலு. மேல அறுபத்து மூணு வரி காலியா இருக்கு. நடுவுல வரி விட்டு எழுதக் கூடாதே."

"ஒரு தடவைக்கு எழுதுங்க. யார் கேக்கப்போறா?"

"பத்து வருஷம் முன்னாடி நான் ஒரே ஒரு வரி விட்டேன். எனக்கு மெமோ குடுத்தீங்க. ஒரு இன்கிரிமென்ட் போச்சு. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அதை நினைத்து அன்றைக்கு வீட்டில் சிரித்ததுகூட ஞாபகம் இருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். "அந்த வேலை வேணாம்னு விட்டுடலாமான்னு பாக்கறேன்."

"நல்லா இருக்கே. டபுள் சம்பளம்னு உங்க தங்கச்சிகிட்டச் சொல்லியாச்சு. அவ முகம் போன போக்கை நான் பாத்தாச்சு. இனிமே இல்லேன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ வீட்டு வாசல்ல போய் நிக்கறது?"

"அறுபத்து மூணு ஃபைலும்மா."

"அத்தனையும் சேர்த்தது யாரு, நானா?"



மறுநாள் காலை ஏழரை மணிக்கே வந்து மூலையில் கிடந்த மூட்டையைப் பிரித்தார். தூசி மூக்கில் ஏறி இருபது தும்மல் தும்மினார். முதல் ஃபைல் எட்டு வருடத்துக்கு முந்தியது, ஒரு லேத் தொழிலாளியுடையது. 'கையெழுத்தில் இனிஷியலுக்குப் பிறகு வைத்த புள்ளி தெளிவாக இல்லை' என்று ஆட்சேபணை. பன்னிரண்டாவது ஃபைல், டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ஓர் அம்மாளுடையது. 'ரிசீவரைத் துடைத்து ஒப்படைத்ததற்குச் சான்று இல்லை.'

முப்பதாவது ஃபைல் ஒரு காவலாளியுடையது. அவர் உயிரோடிருப்பதற்கு ஆதாரம் கேட்டிருந்தது. அதற்குக் கீழே, 'நேரில் வந்து நின்றார். நேரில் வருவது ஆதாரமாகாது' என்று இன்னொரு வரி.

"எந்த மடையன் இப்படி எழுதினது?" என்று ஆட்சேபணையார் வாய்விட்டுக் கத்திவிட்டார். அடியில் இருந்த கையெழுத்தை நன்றாகவே படிக்க முடிந்தது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் காவலாளி கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றது கண்ணுக்குள் வந்தது. கொஞ்ச நேரம்தான். அதற்குள் மனைவி ஃபோன் செய்து, "எத்தனை முடிஞ்சுது?" என்று கேட்டாள்.

இதே கேள்வியை டீக்காரம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாகக் காலை ஒன்று, மாலை ஒன்று வருகிற டீ, இந்த மூன்று நாளும் மணிக்கு ஒன்று வந்தது. அதுவும் நல்ல திக்காக.

"எத்தனை சார் ஆச்சு?"

"நாப்பத்தொண்ணு."

"குடிங்க சார். தெம்பா இருக்கும்."

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஆட்சேபணையாருக்கு அந்த அம்மாள் மீது பிரியம் வந்தது. நம்மை விட்டுப் பிரிவதில் இவளுக்குத்தான் எவ்வளவு வருத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

முப்பதாம் தேதி மத்தியானம் அறுபத்து மூன்றாவது ஃபைலைப் பிரித்தார். ஒரு டைப்பிஸ்டுடையது. 'விண்ணப்பம் அளவுக்கு மீறி அழகாக டைப் அடிக்கப்பட்டுள்ளது. அலுவலகத் தாளும் ரிப்பனும் உபயோகிக்கப்பட்டனவா என விசாரிக்கவும்.' விசாரிக்காமலேயே இரண்டரை வருடம் ஓடியிருந்தது. அதையும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கேஷியரிடம் ஓடினார். கேஷியர் அறுபத்து மூன்று வரியையும் நிரப்பி, அறுபத்து மூன்று செக்கையும் எழுதி, உறையில் போட்டுத் தபாலுக்கு அனுப்பிவிட்டுத்தான், 'அறுபத்து நான்கு' என்று எழுதிக் கொடுத்தார். அப்போது மணி நாலே கால்.

மிச்சம் இருந்தது தன் ஃபைல்தான். கையெழுத்துப் போடக் குனிந்தார். கை பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. அவர் சுதாரிப்பதற்குள், 'ஆட்சேபணை: ஸ்டாம்ப் பேட் ஒன்று ஒப்படைக்கப்படவில்லை' என்று எழுதியும் விட்டது.

மற்ற ஃபைலில் அடித்ததுபோல் இதில் அடிக்க முடியாது; தன் ஃபைலில் தானே அடித்தல் திருத்தல் செய்யக் கூடாது என்று அவரே போட்ட சர்க்குலர் இருந்தது. வேறு வழியில்லாமல் ஒரு தாளை எடுத்து, ஸ்டாம்ப் பேட் காய்ந்துபோனதால் தூக்கிப் போடப்பட்டது என்று தனக்குத் தானே ஒரு விளக்கக் கடிதம் எழுதினார். பிறகு எழுத்தர் என்ற முறையில் அதை வாங்கிப் படித்தார். கை மறுபடியும் 'விளக்கம் திருப்தியாக இல்லை' என்று எழுதியது.

ஆட்சேபணையாருக்கு அழுகையே வந்துவிட்டது. எதிர்த்த கடைக்கு ஓடிப் போய்ச் சொந்தக் காசில் ஒரு ஸ்டாம்ப் பேட் வாங்கி வந்து, தானே கொடுத்து, தானே பெற்றுக்கொண்டு, தானே ரசீது எழுதினார். எதிரே யாராவது உட்கார்ந்திருந்தால் "நாளைக்கு வாங்க" என்றும் சொல்லியிருப்பார்.

மணி ஐந்துக்கு ஐந்து நிமிடம். சிவப்புப் பேனாவை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். நீலப் பேனாவின் மூடியைக் கழற்றினார். இரண்டு மடங்கு சம்பளமும் தங்கச்சியின் முகமும் ஒன்றாகக் கண்ணெதிரே வந்தன.

டீக்காரம்மா கடைசி டீயோடு வந்து நின்றார்.

"அறுபத்து மூணு செக்கும் தபாலுக்குப் போயிடுச்சா சார்?"

"போயாச்சும்மா. எல்லாருக்கும் பைசா சுத்தமா தீர்த்தாச்சு."

"வண்டி கிளம்பினதை நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேன். ஏன்?"

டீக்காரம்மா தம்ளரை மேஜை மேல் வைத்தார். ஆட்சேபணையார் கையிலிருந்த பேனாவை மெதுவாக உருவி, மூடியை மாட்டி, அவர் சட்டைப் பையிலேயே செருகினார்.

"உங்க ஃபைல்ல மட்டும் கையெழுத்துப் போட்டுடாதீங்க சார். அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. உங்களுக்கு வந்த லெட்டரை டைப் அடிச்சது எங்க வீட்டுக்காரர், அறுபத்து மூணாம் நம்பர், ஃபோன்ல பேசினது பன்னிரண்டாம் நம்பர்."