சுருட்டுக்கு ஏ.சி., மாப்பிள்ளைக்குச் சோபா

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, தாங்கள் கொடுத்து வைத்திருக்கும் சுருட்டுப் பெட்டி ஆகிய மூவரும் சுகம். மூவரில் பெட்டிதான் கூடுதல் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். பெட்டி இங்கே இருக்கும்போது உங்களுக்கு என்ன குறை.

நேற்றுத் தொலைபேசியில் தாங்கள் அருளிய செய்தியைப் பற்றி எழுதுகிறேன். பேசினால் கத்திவிடுவேன் என்று என் மனைவிதான் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். கியூபா சுருட்டு பெட்டிக்குள்ளேயே கிடந்து ஐந்து வருஷம் ஊறினால் சுமார், பத்து வருஷம் ஊறினால்தான் ரசிகன் தொடுவான் என்றீர்கள். கல்யாணம் முடிந்த கையோடு பெட்டியை என்னிடம் நீட்டியபோது என்ன சொன்னீர்கள்? "முதல் பேரக்குழந்தை பொறக்கற அன்னிக்கு ஆளுக்கு ஒண்ணு பத்த வைப்போம் சம்பந்தி. ஒரு வருஷம் ஊறினா போதும்." அப்புறம் அது மூன்றானது, ஐந்தானது, இப்போது பத்து. ஆயுள் முழுக்க ஊரார் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, புகை பிடித்தவனையெல்லாம் திட்டித் தீர்த்த தொண்டை டாக்டர் நீங்கள். உங்கள் வீட்டில் சுருட்டு இருந்தால் சம்பந்தியம்மா சுருட்டை வைத்துக்கொண்டு உங்களை வெளியே அனுப்பிவிடுவார். அதனால், "குளிர்பதனக் கிடங்கையே கட்டி ஆண்டவர் நீங்க, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா" என்று ஐஸ் வைத்து என் தலையில் கட்டினீர்கள். நானும் உச்சி குளிர்ந்து வாங்கிக்கொண்டேன். ஆப்பிளையும் உருளைக்கிழங்கையும் காத்தவனுக்குச் சுருட்டு என்ன பிரமாதம் என்று நினைத்த மடையன் நான்.

ஆப்பிள் இத்தனை அதிகாரம் பண்ணாது. உங்கள் பெட்டிக்கு வெயில் ஆகாது, மின்விசிறி ஆகாது, சென்ட் வாசனை ஆகாது, வெங்காயம் வதக்கினால் ஆகவே ஆகாது. ஈரம் கூடினால் பூஞ்சை, குறைந்தால் சருகு. வீட்டில் ஏ.சி. உள்ள ஒரே அறை அதற்குப் போனது. கிண்ணத்தில் தண்ணீர், ஈர ஸ்பாஞ்சு, ஈரத்தைக் காட்ட ஒரு வட்ட மீட்டர், இவ்வளவும் அதன் பரிவாரம்.

முதல் வருஷக் கூத்தை நீங்கள் மறந்திருக்கலாம், எங்கள் கட்டடத்தில் யாரும் மறக்கவில்லை. ஒரு மதியம் அறைக் கதவைத் திறக்கிறேன், குப்பென்று அமோனியா நெடி. கிடங்கில் குழாய் கசிந்தால் அந்த வாடைதான் வரும், வந்தால் யோசிக்கக் கூடாது, ஓட வேண்டும். வீட்டு ஏ.சி.யில் அமோனியா கிடையாது என்று எனக்குத் தெரியும், என் மூக்குக்குத் தெரியவில்லை. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மாடி மாடியாகக் கதவைத் தட்டி, தலைக்குப் பாதி சாயம் பூசியிருந்த மேல்வீட்டு வக்கீலை அப்படியே இழுத்து வந்து, எல்லோரையும் தெருவில் நிறுத்தி, தீயணைப்பு வண்டியையும் வரவழைத்தேன். முகமூடி போட்ட இரண்டு பேர் உள்ளே போய்த் தேடித் தேடிக் கடைசியில் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடுத்தெருவிலிருந்தே உங்களைக் கூப்பிட்டேன். "பயப்படாதீங்க, இது அதுக்குச் சீக்குக் காலம். இளசா இருக்கறப்ப அப்படித்தான் அமோனியா விடும். நல்லா தூங்க விடுங்க, தெளிஞ்சிடும்" என்றீர்கள். வக்கீல் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்.

அதையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது இனிமேல்தான். நம் பிள்ளைகள் இருவருக்கும் ஷிப்ட் வேலை, ஒருவர் வீடு திரும்பும்போது மற்றவர் கிளம்புகிறார். லீவு சேர்ந்து கிடைப்பதே இங்கே வருகிற நாள்களில்தான். வந்தால் படுக்க அறை உண்டா? மனிதர் மூச்சு விட்டால் ஈரம் ஏறிவிடும் என்று உத்தரவு போட்டவர் நீங்கள். ஆறடி மாப்பிள்ளை நாலடிச் சோபாவில் மடங்கிக் கிடப்பார், என் மகள் சாப்பாட்டு மேசையடியில் பாய் விரிப்பாள், நான் இருவரையும் தாண்டித் தாண்டி மீட்டர் பார்க்கப் போவேன். பிறகு பகலில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். போன வாரம் என் மனைவி கேட்டாள்: "பேரக்குழந்தை வந்தா சுருட்டைப் பத்த வைக்கணும்னு ரூமை அடைச்சு வச்சிருக்கீங்க. ரூமை அடைச்சு வச்சா பேரக்குழந்தை எங்கேருந்து வரும்?"

எனக்குப் பேரக்குழந்தை வேண்டும் சம்பந்தி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சுருட்டு வேண்டாம். பத்து வருஷத்தில் சுருட்டைக் கடிக்க நம் இருவர் வாயிலும் என்ன மிச்சம் இருக்கும்? உண்மையைச் சொல்லட்டுமா, உங்களுக்கு ஊதவே தெரியாது. ஊதத் தெரியாதவர்தான் ஊறட்டும் ஊறட்டும் என்று தள்ளிப் போடுவார். வருகிற ஞாயிறு காரோடு வந்து பெட்டியை அள்ளிக்கொண்டு போய்விடுங்கள். வராவிட்டால் பூச்சி அரிக்காமல் இருக்கக் கம்பளித் துணிகளுக்கு நடுவே செருகிவிடுவேன். அறைக்குப் புதுப் படுக்கை விரிப்பு வாங்கியாகிவிட்டது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளையின் கழுத்துச் சுளுக்குக்கு என் வருத்தம். தாங்கள் பெட்டியோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
இதுவரை அன்பு மாறாத
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் என் மனைவி வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். மகளுக்கு இது நாலாம் மாதமாம். ஷிப்ட் வேலையிலேயே சமாளித்திருக்கிறார்கள். அம்மாக்கள் இருவருக்கும் முன்பே தெரியுமாம். "உங்க ரெண்டு பேர்கிட்ட சொன்னா குழந்தைய விட்டுட்டுப் பெட்டியப் பத்தித்தான் பேசுவீங்க, அதான் சொல்லல" என்கிறாள். நாம் என்ன அப்படிப்பட்டவர்களா?

அது இருக்கட்டும். இப்போதுதான் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஓரத்தில் இன்னும் லேசாக அமோனியா அடிக்கிறது. பத்து வருஷம் ஊற வேண்டியதை ஐந்து மாதத்தில் எப்படிப் பக்குவப்படுத்துவது? ஆப்பிளைப் பழுக்க வைக்க எனக்கு வழி தெரியும், இதற்குத் தெரியவில்லை. உடனே பதில் போடுங்கள். ஞாயிறு அவசியம் வாருங்கள், ஆனால் பெட்டியில் கை வைக்கக் கூடாது. அறை மகளுக்கு, சோபா பெட்டிக்கு, சாப்பாட்டு மேசையடி எனக்கு. என் மனைவி ஒரே நிபந்தனை போட்டிருக்கிறாள்: மொட்டைமாடியில்தான் ஊத வேண்டும், தலைக்குக் குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். உங்களுக்கும் சேர்த்துச் சரி என்று சொல்லிவிட்டேன்.