அத்தைக்கு ஒரு லினக்ஸ்

சனிக்கிழமை காலையில், ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது, நம்ம மாப்பிள்ளை ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். மாமியாருடைய கம்ப்யூட்டர் செத்தே ஆக வேண்டும்.

மாமியார் மேல் அவருக்கு ஒரு கோபமும் கிடையாது. சொல்லப்போனால், அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்கிற ஒரே ஜீவன் அந்த அம்மாள்தான். விஷயம் வேறே. கடைவீதியில், கண்ணாடிக்குப் பின்னால், அப்பளம் கனத்தில் ஒரு புது லேப்டாப் உட்கார்ந்திருந்தது. ஆபீஸ் விட்டு வரும்போதெல்லாம் அவர் அதைப் பார்ப்பார். அதுவும் அவரைப் பார்ப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. ஆனால் வீட்டிலிருந்த ஆறு வருஷத்து லேப்டாப் சண்டாளத்தனமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு புதுசு கேட்க எந்தப் புருஷனுக்குத் தைரியம் வரும்?

மாமியாருடைய கிழட்டுக் கம்ப்யூட்டர் கண்ணை மூடினால் கதையே வேறே. "பாவம் அத்தை, என்னோடதை எடுத்துக்கட்டும்" என்று தாராளமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து மனைவி முன்னால் நிற்கலாம். கல் மனசும் கரைந்துவிடும்.

அதுவும் பாதி உயிரில்தான் இருந்தது. காலையில் சுவிட்சைப் போட்டால், அத்தை குளித்துத் தலை வாரி டீ குடித்து முடித்த பிறகுதான் முகம் காட்டும். அத்தை கப்பல் கம்பெனி ஒன்றில் முப்பத்தாறு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவர். இப்போது நாலு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் தனியாக இருக்கிறார். வாரா வாரம் 'மாடிப்படி மடல்' என்று ஒரு பக்கம் தயாரித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவார். தண்ணீர் எப்போது நிற்கும், யாருடைய குடை யார் வீட்டில் இருக்கிறது, தரைத்தளத்துப் பூனை எத்தனை குட்டி போட்டது, எல்லாம் அதில் வரும். மூன்று வாரமாக மடல் வரவில்லை. கட்டடமே தவித்துப்போயிருந்தது. கேட்டால், "கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது" என்பார், அதற்கு மேல் பேச மாட்டார்.

"என்னங்க, அம்மா கம்ப்யூட்டரை என்ன பண்ணப் போறீங்க?" மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

"அதுக்கு வயசாயிடுச்சும்மா. நம்ம கையில என்ன இருக்கு?"

"உங்க கையில என் சேலை இருக்கு. நல்லா உதறிப் போடுங்க. லினக்ஸ் போட்டா பழைய கம்ப்யூட்டரும் நல்லா ஓடுமாமே?"

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "லினக்ஸா? உனக்கு யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. விண்டோஸ் மாதிரி அதுவும் ஒண்ணாம். சும்மாவே கிடைக்குமாம்."

"சும்மா கிடைக்குதுன்னு கண்டதைப் போட முடியுமா? அதுல நூறு தினுசு இருக்கு. ஆராய்ச்சி பண்ணணும்."

"தாராளமா பண்ணுங்க. நூத்துல எதை வேணா போடுங்க. ஒண்ணை மட்டும் போட்டுடாதீங்க."

மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டார். "எதை?"

"கருப்பா ஒரு திரை மட்டும் வருமாம். படம், கிடம் ஒண்ணும் இருக்காதாம். மவுஸுக்கு வேலையே கிடையாதாம். எல்லாத்தையும் கீபோர்டுல தட்டித்தான் பண்ணணுமாம். அம்மா பாவங்க, அழுதுடுவாங்க."

"சேச்சே! என்னைப் பார்த்தா அப்படிப் பண்றவன் மாதிரியா இருக்கு?"

அப்படிப் பண்ணுவது என்று அவர் முடிவு செய்து அரை நிமிஷம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் சர்வர் அறைக்குப் போனார். அந்த அறைக்காரர் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒரு டப்பா நிறையப் பென்டிரைவ் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு தினுசு லினக்ஸ்.

"யாருக்கு?"

"மாமியாருக்கு அண்ணே."

"அப்போ இது. பெரிய பெரிய படம். பச்சைப் பிள்ளைகூட ஓட்டும்."

"வேண்டாம்."

"இது? இன்னும் சுலபம்."

"ஐயையோ, வேண்டவே வேண்டாம். கருப்புத் திரை, மவுஸ் கிடையாதுன்னு சொல்றாங்களே. மனுஷன் யாருக்குமே பிடிக்காதாமே, அது இருக்கா?"

சர்வர் அறைக்காரர் முகம் வாடியது. "இருக்கு. நான் பத்து வருஷமா அதைத்தான் வெச்சிருக்கேன்."

இருந்தாலும் பென்டிரைவோடு ஒரு தாளும் கொடுத்தார். எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது. அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மிகுந்த ஞாபகத்தோடு மறந்துபோனார் மாப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை, அத்தை வீட்டில் கம்ப்யூட்டருக்கு அறுவைச் சிகிச்சை. அத்தை மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். தட்டு நிறைய பிஸ்கட் வைத்தார். மாப்பிள்ளைக்கு மனசு உறுத்தியது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற லேப்டாப்பை நினைத்து அதைச் சமாளித்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் கருப்புத் திரை வந்தது. மூலையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இதுல மவுஸ்?" என்றார் அத்தை.

"அதுக்கு இதுல வேலை இல்லை அத்தை. ஒரு மாதிரி… போகப் போகப் பழகிடும்."

அத்தை மவுஸைக் கழற்றினார். ஒயரை மெதுவாகச் சுற்றினார். மேஜை டிராயரில் வைத்து மூடினார். ஒரு குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே இருக்கத் தாங்கவில்லை. நாலு பிஸ்கட்டைப் பாக்கி வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டார்.

அழுகைப் போன் திங்கட்கிழமை வரும் என்று பார்த்தார். வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை பொறுக்க முடியாமல் அவரே கூப்பிட்டார்.

"அத்தை, கம்ப்யூட்டர்…"

"வேலையா இருக்கேன் மாப்பிள்ளை. அப்புறமா கூப்பிடுங்க."

பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை, தன் பழைய லேப்டாப்பைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, மனைவியோடு கிளம்பினார். தியாகம் செய்ய முழு ஆயத்தம்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே அதே மழைச் சத்தம். அத்தை கண்ணை ஜன்னலில் வைத்துக்கொண்டு, கீபோர்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பத்து விரலாலும் விளாசிக்கொண்டிருந்தார். கருப்புத் திரையில் வரி வரியாக ஓடியது.

"வாங்க மாப்பிள்ளை! தங்கம்னா தங்கம்! சுவிட்சைப் போட்டா நான் உட்காரறதுக்குள்ள தயாரா நிக்குது. என் பழைய டைப்ரைட்டர்ல எழுத்து எங்கெங்கே இருந்ததோ, அதே வரிசைகூட இதுல இருக்கு! முப்பத்தாறு வருஷம் எலியைப் பிடிச்சா வேலை பார்த்தேன்?" என்றார். அவர் பார்வை மாப்பிள்ளை கையிலிருந்த லேப்டாப் பையின் மேல் விழுந்தது. "ஒரு நிமிஷம். ஒரு வரி பாக்கி இருக்கு."

அந்த வரியைத் தட்டினார். அச்சடித்த தாளையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு, இருபது வயசுப் பெண் மாதிரி கீழே இறங்கிப் போனார்.

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார். மேஜை மேல், நாலாக மடித்த அடையாளத்தோடு, சர்வர் அறைக்காரர் கொடுத்த அந்தத் தாள் இருந்தது.

"இது… இது எப்படி இங்கே?"

"துவைக்கப் போடறப்போ சட்டைப் பையைப் பார்க்க மாட்டேனா?" என்றாள் மனைவி. அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவுக்கு ஒரு வருஷமா வலது கை நடுங்குதுங்க. மவுஸைப் பிடிச்சா அம்புக்குறி திரை பூரா ஓடுது. கீபோர்டுல விரலை வெச்சா நடுக்கம் அடங்கிடுது. வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு, பழியைக் கம்ப்யூட்டர் மேல போட்டாங்க. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற. நேத்துதான், மாப்பிள்ளைக்குச் சொல்லிடுன்னாங்க."

மாப்பிள்ளைக்கு, மவுஸ் ஒயரைச் சுற்றின அந்தக் கை கண் முன்னால் வந்தது. அன்றைக்கு அத்தைக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இவர் என்னவோ நினைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

"காரணம் சொல்லாம, கருப்புத் திரையைப் போடுங்கன்னு கேட்டிருக்கலாமே?"

"கேட்டா போட்டிருப்பீங்களா? பெரியவங்களுக்கு எது நல்லதுன்னு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணிட்டு, பெரிய பெரிய படமா போட்டிருப்பீங்க. நம்ம வீட்டுச் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் மட்டும் வேண்டாம்னேன். என்ன அடிச்சீங்க?"

"மஞ்சள்."

"எனக்கு மஞ்சள்னா உயிர்."

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ அந்தக் கருப்புத் திரை விஷயம் உனக்கு யார் சொன்னா?"

"உங்க சர்வர் அறை அண்ணன் பெண்டாட்டியும் நானும் ஒரே பஸ்."

"அடிப்பாவி! பன்னிரண்டு வருஷமா இப்படித்தானா?"

"அதுக்கும் முன்னாடியே. இந்த ஆளை எனக்குப் பிடிக்கலைன்னு உங்க காதுல விழற மாதிரி சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அன்றைக்குத்தான், கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தார். அதை நினைத்தபோது கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்புத்தான் வந்தது. அவளும் சிரித்தாள். போகட்டும், அத்தை சந்தோஷமாக இருக்கிறார், அது போதும் என்று நினைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கீழே லிஃப்ட் பக்கத்தில் ஒரு கூட்டம். இவரைக் கண்டதும் வழிவிட்டுக் கைதட்டினார்கள். மூன்றாம் மாடிப் பல் டாக்டர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். மடல் திரும்ப வந்துவிட்டது. மாப்பிள்ளை வெட்கத்தோடு எட்டிப் படித்தார்.

'உங்கள் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறியாதீர்கள். என் மாப்பிள்ளை இனி ஞாயிறுதோறும் இங்கே வந்து, கைம்மாறு எதிர்பாராமல், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் லினக்ஸ் போட்டுத் தருவார். இதுவரை பதினேழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.'

அதற்கும் கீழே, கடைசியாகத் தட்டிய அந்த ஒரு வரி:

'வரிசையில் முதலாவது மாப்பிள்ளையின் சொந்த லேப்டாப். இன்னும் பத்து வருஷம் ஓடும்படி செய்ய, பையில் தயாராகக் கொண்டுவந்துவிட்டார்.'