இயற்கைத் தேர்வுக்கு விடுப்பு இல்லை

"என்ன தேர்வு டீச்சர், திடீர்னு? டைம்டேபிள்ல இல்லையே" என்று ஒரு மாணவியின் அம்மா போனில் கேட்டபோது, உயிரியல் டீச்சர் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ரயிலுக்குப் புதன்கிழமையே அடுக்குகிறார் என்றால் ஆசையின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்தில் முதல் விடுப்பு. திங்கள் முதல் வியாழன் வரை அக்கா வீட்டில் படுத்துக் கிடப்பார். காபியை வேறு யாராவது போடுவார்கள். தலைமையாசிரியை வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: அதற்குள் பெற்றோரிடமிருந்து ஒரு புகாரும் வரக் கூடாது. டீச்சர் அதை வகுப்பிலும் சொல்லிக் கெஞ்சியிருந்தார்.

"தேர்வெல்லாம் ஒண்ணும் இல்லையேம்மா."

"டைரியில 'வெள்ளி: இயற்கைத் தேர்வு'ன்னு இருக்கே. பரீட்சைன்னுதான் என் பொண்ணும் சொல்றா."

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்தார். "அது பாடத்தோட பேரும்மா. அந்தத் தேர்வை நாங்க நடத்துறதில்ல. இயற்கையே நடத்துறது."

ஐந்தே நிமிடத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. 'வெளியாட்கள் நடத்தும் தேர்வாம். பள்ளிக்குப் பொறுப்பில்லையாம்.'

டீச்சர் விரல் வலிக்க எழுதினார்: 'பயப்பட வேண்டாம். இதற்கு யாரும் படிக்கத் தேவையில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடப்பதுதான். சூழலுக்குத் தகுந்தவை பிழைக்கும். மற்றவை மெல்ல அழியும்.'

உடனே ஓர் அப்பா கூப்பிட்டார். "என் பையன் கொஞ்சம் மந்தம்தான். அதுக்காக அழியணுமா டீச்சர்?"

'குறை பிள்ளைகளிடம் இல்லை. வேறுபாடுகள் பெற்றோரின் மரபணு வழியாக வருகின்றன' என்று டீச்சர் குழுவில் இன்னொரு விளக்கம் எழுதினார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்; பாடம் நடத்திப் பழகியவர்களுக்கு அது வராது.

"எங்க குடும்பத்து மரபணுவுல என்ன குறை கண்டீங்க?" என்றது ஒரு குரல்.

"அப்பா வழியா, அம்மா வழியா? அதை மட்டும் எழுதிக் கொடுங்க டீச்சர், இங்க அடிதடி ஆகப்போகுது" என்றது இன்னொன்று.

மறுநாள் தலைமையாசிரியையிடம் பதினொரு புகார்கள் வந்திருந்தன.

"அது வெறும் பாடம் மேடம்."

"எனக்குத் தெரியுது, அவங்களுக்குத் தெரியலையே. பேசாம நாளைக்கு ஒரு பரீட்சையே வச்சுடுங்க. திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். நீங்களே மார்க்கோட வந்து பேசுங்க. லீவை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

வரவில்லை என்று அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டே டீச்சர் பெட்டியிலிருந்து துணிகளை வெளியே எடுத்தார். புதுத் தலையணை வாங்கி வைத்திருப்பதை அக்கா சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை நாற்பது பேரும் தலை நிமிராமல் எழுதினார்கள். விடைத்தாள்களைப் புரட்டிப் பார்த்தால் ஒன்றில்கூடத் தப்பில்லை.

"இவ்வளவு நல்லாப் புரிஞ்சிருக்கே, அப்புறம் ஏன் வீட்டுல பரீட்சைன்னு சொன்னீங்க?" என்று முதல் பெஞ்சுப் பெண்ணிடம் சோர்ந்த குரலில் கேட்டார்.

அவள் பேனாவை மூடினாள். "நீங்க லீவுல போனா நாலு நாளும் கணக்கு டீச்சர்தான் வருவாங்கன்னு சொன்னீங்கல்ல டீச்சர், அதான் எல்லாரும் சேர்ந்து சொன்னோம்."