பூச்சி என்று சொல்லாதவர்

மலையில் பாம்பைக் கண்டால் ஓடுகிறவர் உண்டு, மரமாய் நிற்கிறவர் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: சட்டைக் கையைச் சுருட்டிவிடும் இனம். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தளவாய்புரத்தில் நைட்டிக் கம்பெனி நடத்தும் பாலகணேஷ் இதில் அசல். வீடியோ பார்த்தே பாம்பு படித்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் செண்பகத்தோப்பு மலைக்காட்டுக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நடப்பார். காட்டில் பாம்பின் பெயரைச் சொல்லக் கூடாதென்று ஊர் வழக்கப்படி யாராவது ‘பூச்சி’ என்றுவிட்டால் போச்சு, நின்றுவிடுவார்.

"பூச்சியா? கரப்பானும் பூச்சிதான். ஏலே, பாம்புன்னு வாயத் தொறந்து சொல்லுங்க! எம்புட்டு பயம்!"

அப்படி ஒரு ஞாயிறு, ஓடைக்கரைச் சருகில் தடியாய் ஒன்று சுருண்டு கிடந்தது. முதுகெல்லாம் சங்கிலி சங்கிலியாய்ப் புள்ளி, குக்கர் போலச் சீறல்.

"யாத்தே, பூச்சி!" என்று மனைவி பொன்மணி பின்வாங்கினாள்.

"மலைப்பாம்புக் குட்டிடி. பச்சப்புள்ள. போன எடுத்து வீடியோ புடி."

"வேணாங்க, சொன்னாக் கேளுங்க."

கேட்பாரா? கேட்டால் அந்த இனத்தில் அவருக்கு ஏது இடம்? வாலைப் பிடித்துத் தூக்கினார், கழுத்தைத் தேடினார், கேமராவைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பாம்பு பொத்தென்று விழுந்து சருகுக்குள் போயிற்று.

"என்னாச்சு?"

"முள்ளு."

கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார். செத்துப்போவோமோ என்று பயந்தார். நாலு பேர் சிரிப்பார்களே என்று அதைவிட அதிகமாகப் பயந்தார். கட்டைவிரல் வீங்கி, வியர்த்துக் கொட்டி, அப்போதும் விஷமில்லாத பாம்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பொன்மணி கையை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

"முள்ளுக்கு ரெண்டு பல்லா?" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவரை அப்படியே உட்காரவைத்தாள். ஒரு அடி நடக்கவிடவில்லை. கூட வந்தவர்கள் தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "என்ன கடிச்சது?"

பாலகணேஷ் பொன்மணியைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார்.

"பூச்சி" என்றார்.

பொன்மணி போனில் எடுத்த வீடியோவை நீட்டினாள்.

"கண்ணாடி விரியன்!" என்று டாக்டர் எழுந்தேவிட்டார். "இன்னும் செத்த நேரம் முள்ளுன்னே சொல்லிக்கிட்டு இருந்திருந்தா, ஆளே இருந்திருக்க மாட்டீங்க."

பிழைத்துக்கொண்டார். கட்டைவிரல்தான் இன்னும் மடங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு, விரியனை எப்படிப் பிடித்திருக்க வேண்டும் என்று இடது கையால் விளக்கிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சரி, சங்கிலிப் புள்ளி என்று படித்த உடனே, ‘அட, இது மலைப்பாம்பு இல்லையே, விரியனாச்சே’ என்று மனதுக்குள் சொன்னீர்களே, எங்கே படித்தீர்கள்? வீடியோவிலா?

சட்டைக் கையை இறக்கிவிடுங்கள்.